கடல் கடந்த வாடிக்கையும் கரையிலிருக்கும் ஊர்களும்

அயல்நாட்டு வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் பொறுப்பேற்றிருக்கும் இந்திய அரசின் அலுவலர் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமக்களே,

பல தேசத்துப் பிரதிநிதிகளோடு மாதக்கணக்கிலும் சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் எதிரெதிரே அமர்ந்து, இன்ன பண்டத்திற்கு இவ்வளவு சுங்கம், இன்ன பண்டத்திற்கு விலக்கு என்று ஆயிரக்கணக்கான இனங்களை ஒவ்வொன்றாய் நிறுத்துப் பார்த்து முடிவு செய்யும் உங்கள் பணியின் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன். அப்பணியால் தேசத்திற்கு விளைந்திருக்கும் நன்மையை மறுப்பவனும் அல்லன். ஆயினும், உடன்படிக்கை கையெழுத்தாகும் ஒவ்வொரு முறையும், ஏற்றுமதி இத்தனை கோடி உயரும் என்று நாடு முழுமைக்கும் சேர்த்து ஒற்றை எண்ணாகவே பலன் அறிவிக்கப்படுவதைப் படிக்கும்போது, அந்த எண்ணுக்குள் எந்த மாவட்டம் ஏறுகிறது, எந்த மாவட்டம் இறங்குகிறது என்ற கேள்விக்கு விடை எங்குமே எழுதப்படாமல் போகிறதே என்ற கவலை என்னை விட்டு நீங்குவதில்லை. வர்த்தகத்தைத் தேசத்தின் பெயரால் கணக்கெழுதுகிறோம். அதைச் செய்து வாழ்பவை ஊர்கள். நம் வாடிக்கை ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டிற்கு மாறும்போது, ஏட்டில் நட்டமும் லாபமும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடலாம். ஆனால் நட்டம் விழுந்த ஊரும் லாபம் விழுந்த ஊரும் நூறு கல் தொலைவில் இருக்குமாயின், பின்னதன் செழிப்பால் முன்னதன் குடிகளுக்கு ஒரு வேளைச் சோறும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் சென்ற நூற்றாண்டு வரலாறு இதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களைக் கொண்ட செட்டிநாடு, பேராறு எதுவும் பாயாத, கண்மாய்களையே நம்பிய வறண்ட பூமி. அந்தப் பூமியில் பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கல் தரையும், ஒரு வீதியில் முகப்பும் மறு வீதியில் பின்கட்டுமாய் நீண்ட மாளிகைகளும் எழுந்தமைக்குக் காரணம், அம்மண்ணில் விளைந்த எதுவும் அன்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் விளைந்த நெல். 1852ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னரும், 1869ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் இன்னும் வேகமாகவும், அங்கே காடழித்துக் கழனியாக்கும் வேலை பெருகிற்று. 1850களில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்தபோது, மேனாட்டு வங்கிகள் உழவனுக்கு நேரில் கடன் கொடுக்கத் தயங்கிய இடத்தில் முதல் கொடுத்து நின்றவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள். பெட்டியடியில் சிறுவனாய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் அந்த லேவாதேவி ஒழுங்கு எவ்வளவு பெரிதாய் வளர்ந்திருந்தது என்பதற்கு, 1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கே சான்று: சுமார் 1,650 கடைகள், ஏறக்குறைய 75 கோடி ரூபாய் முதல். அன்றைய ரூபாயின் மதிப்பை நினைத்துப் பார்த்தால், ஒரு சிறு சீமையின் சில பத்து ஊர்களைச் சேர்ந்த மக்கள் கடலுக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்த செல்வத்தின் அளவு நமக்குப் பிரமிப்பையே தரும்.

அந்தக் கணக்கு எழுதப்பட்ட கையோடு உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவன் பணத்திற்குப் பதிலாக நிலத்தைக் கொடுத்தான். 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. ஏழெட்டு ஆண்டுகளில் அது 25 சதவீதம் ஆயிற்று. வட்டிக்குப் பழகியவர்கள் விரும்பாமலே நிலக்கிழார்களானார்கள். நிலத்தை இழந்தவனின் கோபத்திற்கும் ஆளானார்கள். அக்கோபம் நியாயமற்றது என்று நான் சொல்லத் துணியேன். 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா அன்று அயல்நாடாயிற்று. 1942ல் ஜப்பானியர் வந்தனர். 1948ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962ல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதை அடுத்து வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர் கையில் எடுத்துவர முடிந்ததை மட்டும் கொண்டு கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களிலுள்ள பர்மா காலனிகளும் அவர்கள் வந்திறங்கியதன் அடையாளங்கள்.

இவ்வளவும் நாட்டார் அறிந்த கதை. நீங்கள் கவனிக்கவேண்டும் என்று நான் விழைவது இதற்கு அடுத்த பகுதியை. முன்யோசனையுள்ளவர்கள் 1930களிலேயே முதலை மீட்டுத் திரும்பினார்களே, அந்த முதல் எங்கே சென்றது? மோல்மீனில் 1900ல் லேவாதேவிக் கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் தொழில், 1949ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் ஆலையாக எழுந்தது. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார்; அதன் தலைமையகம் சென்னையிலேயே வளர்ந்தது. 1932ல் பைகாரா நீர்மின்சாரம் கிடைத்ததும் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. மலையாளக் கரையிலும் ஆலைகள் கண்டவர் உண்டு. மின்சாரமும் தண்ணீரும் சந்தையும் துறைமுகமும் எங்கே இருந்தனவோ அங்கே முதல் போயிற்று. அது முதலின் இயல்பு. அதற்காக எவரையும் குறை சொல்ல இயலாது. ஆனால் அந்த முதலை ஈன்ற செட்டிநாட்டில் நிலைத்தவை என்ன? அழகப்ப செட்டியார் 1947ல் கண்ட கல்லூரியும், அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததன் பயனாக 1948ல் நேரு கால்கோளிட்டு 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும் போன்ற சிலவே. ஒரு பிரதேசத்தின் வாழ்வே அறுபட்டபோது அதற்கு மாற்றாகக் கிடைத்தது, பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் ஈகை. பூட்டிக் கிடந்த மாளிகைகள் பலவற்றின் தேக்கும் கண்ணாடியும் கதவு வேறாய் நிலை வேறாய்ப் பெயர்த்து விற்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, அழகப்பர் என்ற ஒருவர் பிறவாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் வாராமல் இராது.

நாகப்பட்டினத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விஹாரம் இருந்த ஊர். டச்சுக்காரரின் சோழமண்டலத் தலைமை இடம். 1860களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி வரை தென்னாட்டின் இருப்புப்பாதைகளில் ஒன்று இங்கிருந்துதான் போடப்பட்டது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் கப்பல்கள் இந்தத் துறையில் ஆளேற்றின. மலேயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் செல்வதை 1938ல் இந்திய அரசு தடை செய்தது. அதற்கும் முன்னமே ரயில்வே பணிமனை பொன்மலைக்குப் போயிருந்தது. பின்னர் கப்பல் போக்குவரத்தும் நின்றது. தொழிலாளரை அவ்வாறு அனுப்புவதை நிறுத்தியது அறத்தோடு பொருந்திய செயல் என்பதே என் முடிவு. ஆனால் நிறுத்தியவர்கள், அந்தப் போக்குவரத்தால் பிழைத்த துறைமுக நகரம் இனி எதனால் பிழைக்கும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. 2023ல் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டபோது அவ்வூரார் கொண்டாடிய கொண்டாட்டம், எத்தனை காலக் காத்திருப்பின் விளைவு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரே தொழில், ஒரே தேசம், ஏறக்குறைய ஒரே காலம் என்று மூன்றும் கூடி வந்த ஓர் உதாரணத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். 1953 டிசம்பரில் சோவியத் யூனியனுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை ரூபாயிலேயே கணக்குத் தீர்க்க வழி செய்ததன் பயனாக, பஞ்சாபின் லூதியானா நகரத்துக் கம்பளிப் பின்னலாடைத் தொழில் ரஷ்யக் குளிருக்கென்றே ஆடை பின்னி வளர்ந்தது. 1991ல் வாங்குபவராகிய அந்நாடே இல்லாமற்போயிற்று. லூதியானாவில் பின்னல் இயந்திரங்கள் நின்ற அதே ஆண்டுகளில், திருப்பூரில் இரவும் பகலும் பனியன் கம்பெனிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏனெனில் 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வணிகர் வெள்ளைப் பனியன் துணிச் சட்டைகளைக் கேட்டு வாங்கியதில் தொடங்கி, திருப்பூரின் வாடிக்கை மேற்கு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நோக்கித் திரும்பியிருந்தது. லூதியானாக்காரர் உழைப்பில் குறைந்தவரும் அல்லர். திருப்பூர்க்காரர் எதிர்காலத்தை ஞானத்தால் கண்டவரும் அல்லர். தேசத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் பின்னலாடை என்ற ஒரே வரியில் இரண்டும் அடங்கிவிட்டன; அந்த வரியை மட்டும் பார்த்தவருக்கு லூதியானாவின் துயரம் தெரிந்திருக்க இடமில்லை.

திருப்பூரின் ஏற்றமும் முழு லாபமாக வரவில்லை என்பதை இங்கே சொல்லாவிட்டால் நான் பக்கச்சார்பாக எழுதியவனாவேன். உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் பின்னிய வரையில் ஊருக்குச் சாயம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை; மேனாட்டு வாடிக்கையாளர் பருவத்திற்கொரு வண்ணம் கேட்கத் தொடங்கியபின் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகி, அவற்றின் கழிவு நொய்யலில் கலந்தது. 1992ல் பாசனத்திற்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பாசன உழவர்களே மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவுநீரை முற்றும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை உறுதிப்பட்டது. ஆக, ஏற்றுமதிப் பணம் வந்தது திருப்பூருக்கு. உப்பேறிய கிணறு கிடைத்தது கரூர் எல்லை வரையிலுள்ள உழவனுக்கு. வாடிக்கை மாறியதால் ஏறிய பிரதேசமும் இறங்கிய பிரதேசமும் ஒரே ஆற்றின் மேலும் கீழுமாக இருந்தபோதும் ஒன்றின் லாபம் மற்றதன் நட்டத்தை ஈடு செய்யவில்லை.

இது ஏழை நாடுகளுக்கு மட்டும் நேரும் இடர் அன்று. அட்லாண்டிக்கை நோக்கி நிற்கும் லிவர்பூல், அமெரிக்காவோடும் காலனிகளோடும் நடந்த வர்த்தகத்தால் வளர்ந்து, 1931ல் 8,55,000 மக்களைக் கொண்டிருந்தது. 1973ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் வர்த்தகத்தின் முகம் கிழக்கே திரும்பிற்று. எதிர்க்கரையில் ராட்டர்டாமைப் பார்த்து நிற்கும் ஃபெலிக்ஸ்டோ, 1967லேயே கொள்கலத் துறை அமைத்திருந்த சிற்றூர், தேசத்தின் பெருந்துறைமுகமாயிற்று. கரும்புச் சர்க்கரையை விட ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரைக்கு ஆதரவு மிகுந்ததால், லிவர்பூலின் பழைமையான சர்க்கரை ஆலை 1981ல் மூடப்பட்டது. 2001ல் அந்நகரின் மக்கள் தொகை 4,40,000க்கும் குறைவு. கொள்கலங்களின் வருகையும் ஆலைகளின் பழைமையும் இதற்குத் துணைக் காரணங்கள்தாம். என்றாலும், நாட்டின் கூட்டாளி மாறியது நகரத்தின் இருப்பிடத்தையே குற்றமாக்கிவிட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. மிகவும் பின்தங்கிய பிரதேசங்களுக்குரிய ஐரோப்பிய உதவி அந்தப் பகுதிக்குக் கிடைக்கத் தொடங்கியது 1994ல்தான். அதாவது, கையெழுத்துக்கும் கைதூக்கலுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

இப்பொழுது நம் காலத்திற்கு வருகிறேன். 2022க்கு முன் நாம் இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம். உக்ரைன் போருக்குப் பின் விலைச் சலுகையோடு கிடைத்ததால் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. அந்த எண்ணெயின் பெரும்பகுதி குஜராத்தின் ஜாம்நகர், வாடினார் போன்ற மேற்குக் கரைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது. தேசத்தின் எண்ணெய்ச் செலவும் அதனால் குறைந்தது. எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்கும் உரிமை சுதந்திர தேசத்திற்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா விதித்த கூடுதல் 25 சதவீதமும், முன்னமே விதித்த 25 சதவீதமும் சேர்ந்து 2025 ஆகஸ்டு 27 முதல் 50 சதவீதமானபோது, அடி விழுந்த இடம் ஜாம்நகர் அன்று. சுத்திகரித்த எண்ணெய் அந்த வரிக்கு அப்பாற்பட்டதாய் இருந்தது. ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்த திருப்பூரின் ஆர்டர்கள் நின்றன. அமெரிக்கச் சந்தையை நம்பிய ஆந்திரக் கரையின் இறால் குட்டைகளில் விலை விழுந்தது. தேசம் முழுவதும் கூடி எடுத்த ஒரு தீர்மானத்திற்கு, பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தேனி மாவட்டத்துப் பெண்ணும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் இளைஞனும் தங்கள் வாரக் கூலியால் அபராதம் கட்டினார்கள். வீதம் பின்னர் ஏறலாம், இறங்கலாம். அந்த வாரங்களின் கூலி திரும்பப் போவதில்லை.

அமெரிக்கா போனால் பிரிட்டன் இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, நம் ஆடைகளுக்கு அந்நாட்டில் இருந்த சுங்கத்தை நீக்குவதை மனமார வரவேற்கிறேன். பங்களாதேசம் நீண்டகாலம் சுங்கமின்றி விற்ற இடத்தில் நாம் சுங்கம் கட்டி விற்றுக்கொண்டிருந்தோம். ஆயினும் வாடிக்கையாளரை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. அமெரிக்கப் பெருங்கடைகளுக்காக ஒரே மாதிரியை லட்சக்கணக்கில் தைக்க இயந்திரம் போட்டு, அதற்கு வங்கியில் கடனும் வாங்கியிருக்கும் கம்பெனி, சிறு சிறு அளவில் பல மாதிரிகளைக் கேட்கும் ஐரோப்பிய வாடிக்கைக்குத் தன்னை மாற்றிக்கொள்ள முதலும் அவகாசமும் வேண்டும். பெரிய கம்பெனி இதைத் தாங்கும். வெளிநாட்டிலேயே ஓர் ஆலை தொடங்கி அங்கிருந்து அனுப்பவும் கூடும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைக்காரன் என்ன செய்வான்? பர்மாவிலிருந்து முன்கூட்டியே திரும்பியவர்களின் முதல் பிழைத்ததும் செட்டிநாடு பிழைக்காததும் நினைவிருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. உடன்படிக்கை ஒவ்வொன்றுடனும், கையெழுத்துக்கு முன்பே, மாவட்டவாரியான ஒரு விவரத்தை வெளியிடுங்கள்: எந்த மாவட்டத்தின் எந்தத் தொழிலில் எத்தனை பேர் இந்தக் கூட்டாளியை நம்பியிருக்கிறார்கள், எந்த மாவட்டம் புதிய இறக்குமதியின் போட்டிக்கு ஆளாகும், எந்தத் துறைமுகத்தின் சரக்கு வேறு துறைமுகத்திற்குப் போகும் என்பவற்றை ஊரார் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதுங்கள். அயல்நாட்டு ஒப்பந்தம் நம் அரசியல் சாசனப்படி மத்திய அரசின் அதிகாரம் என்பதை அறிவேன். ஆனால் 2009ல் ஆசியான் உடன்படிக்கை வந்தபோது, மிளகும் ரப்பரும் தென்னையும் என்னாகும் என்று கேரளம் அஞ்சி, அக்டோபர் 2 அன்று வீதியில் மனிதச் சங்கிலி அமைத்துத் தன் கருத்தைத் தெரிவிக்க நேர்ந்ததே, அது பேச்சு முடியுமுன் ஓர் அறையில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கருத்து அல்லவா? மாநிலங்களின் பிரதிநிதிகளைப் பேச்சின் தொடக்கத்திலேயே அழையுங்கள். முடிந்தபின் விளக்கக் கூட்டம் போடுவது கலந்தாலோசனை ஆகாது.

இரண்டாவது, இறங்கும் மாவட்டத்திற்கென்று சட்டப்படி அமைந்த ஒரு நிதி வேண்டும். அமெரிக்கா 1962லேயே, இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தோர்க்கு உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் கொடுக்கச் சட்டம் செய்தது; அது குறைகள் நிறைந்தது, 2022ல் காலாவதியாகவும் விடப்பட்டது; எனினும் அறுபது ஆண்டுகள் அக்கடமையை ஒப்புக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் அத்தகைய நிதி ஒன்றை வைத்திருக்கிறது. நம்மிடம், ஆபத்து வந்தபின் ஏற்றுமதியாளருக்குக் கடன் தவணையை ஒத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது; தைப்பவளுக்குக் கூலி தரும் ஏற்பாடு இல்லை. ஏற்றம் பெறும் தொழில்களிலிருந்து ஒரு சிறு பங்கை, உடன்படிக்கையின் முதல் நாளிலிருந்தே, இதற்கென ஒதுக்கினால் என்ன? மலிவான எண்ணெயால் மிச்சப்பட்ட பணத்தில் ஒரு துளி திருப்பூரின் அந்த வாரங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், தேசத்தின் தீர்மானத்தைத் தேசமே சுமந்தது என்று நாம் சொல்லிக்கொள்ள முடிந்திருக்கும்.

வியாபாரி தானே புதிய சந்தையைத் தேடிக்கொள்வான், அரசு ஏன் தலையிட வேண்டும் என்று உங்களில் சிலர் கருதலாம். வியாபாரி தேடிக்கொள்வான் என்பது மெய்யே. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் தவணையில் கட்டிய வீட்டையும் விட்டு, வேலை இருக்கும் ஊருக்கு உடனே பெயர்ந்துவிட இயலாத குடும்பங்களைக் குறித்தே நான் எழுதுகிறேன். அவர்களுக்காகப் போடப்பட்ட சாலையும் குடிநீர்க் குழாயும் மருத்துவமனையும் கூடப் பெயர்ந்து போகமாட்டா. அவற்றைக் கட்டிய பொதுப்பணம் வீணாவதும் தேசத்தின் நட்டமே என்பதால், பொருளாதாரக் கணக்கு ஒன்றையே பார்ப்பவர்க்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

இத்தகைய மாவட்டக் கணக்கு உங்கள் அலுவலகங்களில் முன்னமே தயாரிக்கப்படுகிறது என்றால், அதை வெளியிடுங்கள். தயாரிக்கப்படவில்லை என்றால், இன்று பேச்சு நடந்துகொண்டிருக்கும் உடன்படிக்கையிலிருந்தே தொடங்குங்கள். அதற்கான விவரங்களைத் திரட்டித்தர ஒவ்வொரு மாவட்டத்திலும் கல்லூரி ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தாரும் உற்பத்தியாளரும் ஆயத்தமாக இருப்பார்கள் என்றே நம்புகிறேன். உங்கள் பதிலை இதே போல வெளிப்படையாக எழுதினால், அதை அந்த ஊர்களும் படிக்கும்.

இங்ஙனம்,
தென்னாட்டுக் குடிமகன் ஒருவன்